இரண்டு கணு ஆழம்

பூண்டை விரலில் இரண்டு கணு ஆழத்தில் வைக்க வேண்டும். இவர் ஒரு கணுவில் வைத்திருந்தார்.

ஒன்றிரண்டு பல் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். பாத்தி முழுக்க அப்படித்தான். ஆட்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். எங்கே விட்டாலும் முதல் கணு முங்குவதற்குள் பூண்டு தட்டியது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

கல்யாணமானதிலிருந்து வருடா வருடம் சொல்கிறேன். சின்ன வெங்காயம் மேலாக இருக்க வேண்டும், அதன் மூக்கு நுனி வெளியே தெரிய வேண்டும். ஆழமாகப் போனால் அழுகிவிடும். பூண்டு அப்படி இல்லை. மேலாக வைத்தால் ஒரு மழைக்கே வெளியே வந்து பல்லிளிக்கும். வருடா வருடம் இவரும் சரியாகத்தான் நட்டார். இந்த வருடம் மட்டும் என்ன கேடு?

இவருக்கு வெளியூரில் வேலை. அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் அட்டை வெட்டும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறார். ஆள் இல்லை, லீவு இல்லை என்று சாக்குச் சொல்லிச் சொல்லி, நடவுக்காலம் கைநழுவப் போகிற சமயத்தில் இன்று காலைதான் வந்து சேர்ந்தார். வந்தவர் வீட்டுக்குள்கூட நுழையவில்லை. பையை வாசலில் போட்டுவிட்டு நேரே பாத்தியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

கையில் கம்பளிக் கையுறை. அதோடு யாராவது மண்ணில் கை வைப்பார்களா, கழற்றிப் போடுங்கள் என்றேன். குளிராம்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். இத்தனை நாள் வராததற்கு மனுஷர் ஈடுகட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்துப் பாத்தியில் வெங்காயம் வைக்கப் போய்விட்டேன்.

"எந்த ஞாபகத்துல நட்டீங்க? அத்தனையும் தோண்டி மறுபடி வைக்கணும்," என்றேன் இப்போது.

"எப்பவும் போல ரெண்டு கணு விட்டுத்தான் வச்சேன்," என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

செய்வதையும் செய்துவிட்டுச் சாதிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. பக்கத்தில் போய்க் குத்தவைத்து, அவருடைய வலது கையைப் பிடித்தேன். இழுத்துக்கொள்ளப் பார்த்தார். விடுவேனா? இவ்வளவு ஆழம், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆட்காட்டி விரலைப் பிடித்து மண்ணில் அழுத்தினேன்.

விரல் மடங்கியது.

மடங்க வேண்டிய இடத்தில் இல்லை. நுனிக் கணு முழுக்கத் துணியாகச் சுருண்டு மண்மேல் படுத்துக்கொண்டது. உள்ளே எலும்பு இல்லை, சதை இல்லை, ஒன்றுமே இல்லை.

நசுக்கிப் பார்த்தேன். வெறும் கம்பளி. பக்கத்து விரலைத் தொட்டேன். அதன் நுனியும் காலி. அதற்கடுத்ததைத் தொடத் தைரியம் வரவில்லை.

இவர் பொய் சொல்லவில்லை. பழக்கப்பட்ட அதே இரண்டாவது கணு வரைக்கும்தான் விட்டிருக்கிறார். நுனி போன விரலில் அது அவ்வளவு ஆழம்தான் வரும்.

லீவு இல்லை என்று ஏன் சொல்லிக்கொண்டே இருந்தார் என்று புரிந்தது. மெசேஜில் எதைக் கேட்டாலும் பதில் எழுதாமல், ஏன் குரலிலேயே பேசி அனுப்பினார் என்றும் புரிந்தது. எங்கள் இருவருக்கும் சோறு போட்ட கை. கையுறையை உருவப் போனேன். வேண்டாம், பார்த்தால் பயந்துவிடுவாய் என்று இன்னொரு கையால் மூடிக்கொண்டார்.

எப்போது என்று கேட்டேன்.

"விதைப்பூண்டு வாங்கிட்டேன்னு ஃபோன் பண்ணினியே, அன்னைக்குக் காலையில. உடனே ஆபரேஷன் பண்ணிட்டாங்க," என்றார்.

நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஃபோன் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மத்தியான நேரம். மணி அடித்துக்கொண்டே இருந்து, கடைசியில்தான் எடுத்தார். குரல் கம்மியிருந்தது, நாக்கு குழறியது. என்ன ஆயிற்று என்று பதறிப்போய்க் கேட்டேன். ஒன்றுமில்லை, இப்போதுதான் கண் விழித்தேன் என்றார்.

பட்டப்பகலில் அப்படி என்ன தூக்கம், கம்பெனியில் கட்டில் போட்டுத் தருகிறார்களா என்று கேட்டு, நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அவரும் சிரித்தார்.