கோளரங்கத்தில் பத்துப் பேர்

"அது பக்கத்துல நிக்காத. இங்கிட்டு வா, இங்கதான் லைட்டு இருக்கு."

அண்ணன் மனைவி அவளை இழுத்தாள். கண்ணாடி ஜாடிக்குள் இரட்டைத்தலைக் கன்றுக்குட்டி மிதந்துகொண்டிருந்தது. அதனிடமிருந்து இழுத்துத் திமிங்கில எலும்புக்கு அடியில் நிறுத்தி, சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டு, மதினி இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

மஞ்சள் சேலை. அடையாளத்துக்காகத் தரகர் சொல்லியிருந்த நிறம்.

மதினி கட்டியிருந்தது பச்சை. புதுசு.

பதினோரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். எதேச்சையாக வருவது போல வருவார்கள். இவர்களும் பாடம் செய்த முதலையைப் பார்க்க வந்தவர்கள் போல நிற்க வேண்டும். யாரும் யாரோடும் பேசக் கூடாது. பிடிக்காவிட்டால் இரண்டு பக்கமும் அவமானமில்லை.

அவமானமில்லையாம்.

வழக்கமாக இதெல்லாம் கோயிலில் நடக்கும். அப்பா போய் எட்டு மாதம்தான் ஆகிறது. வருஷம் திரும்பும்வரை கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. ஆனால் அந்த வருஷத்துக்குள் கல்யாணத்தை மட்டும் முடித்துவிட வேண்டும். தவறினால் மூன்று வருஷம் கூடாது.

அவளுக்கு இப்போதே முப்பத்துமூன்று.

ஆகவே மியூசியம். அண்ணனின் யோசனை.

வந்தார்கள். அப்பா, அம்மா, அக்கா, பையன். பையனுக்கு நாற்பத்தொன்று.

அம்மாக்காரி திமிங்கிலத்தைப் பார்ப்பது போல அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பார்க்கட்டும். பழகிய கண்கள்தான். இதுவரை ஒன்பது வீட்டார் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவன் அப்படிப் பார்க்கவில்லை. குனிந்து, கண்ணாடிப் பெட்டிகளின் மேல் ஒட்டியிருந்த மங்கிய சீட்டுகளைப் படித்துக்கொண்டே வந்தான். ஒன்றுவிடாமல் படித்தான். ஆந்தைக்கு உரிய சீட்டு தரையில் கிடந்தது. எடுத்துத் தூசி தட்டி, ஆந்தைக்கு எதிரே சாய்த்து வைத்துவிட்டு நகர்ந்தான்.

அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது.

சே, ஒரு சீட்டை எடுத்து வைத்ததற்கா, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் பிடித்திருந்தது. ஒன்பது பேருக்குப் பிறகு முதல் தடவையாக.

மியூசியத்தின் கோடியில் கோளரங்கம். உள்ளிருந்து மணி அடித்தது. கோளரங்கத்து ஆள் வெளியே வந்து தலைகளை எண்ணினார்.

"பத்துப் பேர் இல்லாம ஷோ ஓட்ட முடியாது. வாங்க, எல்லாரும் வாங்க. செருப்பை இங்கனயே விட்ருங்க."

அண்ணனோடு சேர்த்து இவர்கள் மூன்று பேர். அவர்கள் நாலு. முதலைக்குப் பின்னால் ஒதுங்கியிருந்த காதல் ஜோடி. பத்தாவது ஆளாகக் காவலாளியை உட்காரச் சொன்னார். வரமாட்டேன் என்றால் எதற்கு வந்தோம் என்று யாராவது கேட்பார்கள். எல்லோரும் உள்ளே போனார்கள்.

வட்டமான அறை. மேலே வெள்ளைக் கூரை, கவிழ்த்த சட்டி போல. அவர்கள் அந்தப் பக்கச் சுவரோரம், காவலாளிக்கு அடுத்து. இவர்கள் நேர் எதிரே.

விளக்கு அணைந்தது. மதினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நட்சத்திரங்கள் வந்தன. உண்மையைச் சொன்னால், நன்றாகத்தான் இருந்தன.

எதிர்ப்பக்கம் காவலாளி கொட்டாவி விட்டான். அந்தச் சத்தம் கூரை வளைவில் ஏறி, இறங்கி, அவள் காதோரம் வந்து கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டது போல. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்து வந்தது அம்மாக்காரியின் கிசுகிசுப்பு. ஓர் எழுத்துக்கூடச் சிதறவில்லை.

"என்னடா, பரவாயில்லையா?"

"வயசு தெரியுதும்மா."

அவன் குரலை அவள் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டாள். நல்ல குரல்.

"பக்கத்துல பச்சைச் சேலை யாரு? தங்கச்சியா? அதைக் கேட்டுப் பாரேம்மா."

மதினியின் விரல்கள் அவள் கைக்குள்ளிருந்து மெல்ல உருவிக்கொண்டன. மதினிக்கு அந்தப் பக்கம் அண்ணனின் நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது.

அவள் காத்திருந்தாள். அண்ணன் எழுந்துவிடுவான். "வா, போகலாம்" என்பான். ஒரு இருமலாவது இருமுவான்.

வளையத்தோடு சனி வந்தது. சுற்றிக் காட்டிவிட்டுப் போனது.

அண்ணன் இருமவில்லை.

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தேவையில்லை என்பது தெரிந்துவிட்டதே.

"அவங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்க."

காதல் ஜோடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

கடைசியில் கூரையில் பொய்யாகப் பொழுது விடிந்தது. வெளியே வந்து எல்லோரும் தலையைக் குனிந்தே செருப்பைத் தேடினார்கள். அவன் தன் செருப்பைக் கண்டுபிடித்ததும் திரும்பிப் பார்க்காமல் போனான். அந்தமட்டும் விட்டது சனி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் தரகர் போன் செய்தார். அண்ணன் எழுந்து நின்று பேசினான்.

"சரிங்க. சந்தோஷங்க. வெள்ளிக்கிழமையே வரட்டுங்க."

போனை வைத்துவிட்டு, "அவங்களுக்குச் சம்மதமாம்" என்றான்.

நாற்பத்தொரு வயதுப் பையனுக்கும் வேறு எங்கும் வாய்க்கவில்லை போலும்.

"அவன் சொன்னது உனக்குக் கேக்கலையாண்ணே?"

"என்ன சொன்னான்? நீதான் இருட்டுக்குள்ள என்னமோ முனகுன." சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தபடி பேசினான். "இன்னும் நாலு மாசந்தான் இருக்கு. இதையும் விட்டா மூணு வருஷம். யாரு காத்துக் கெடக்குறது?"

அவள் மதினியைப் பார்த்தாள். அவளாவது சொல்லட்டும். அவளுக்கும்தானே அது அவமானம்.

"எனக்கும் ஒண்ணும் கேக்கலப்பா" என்றாள் மதினி.

அவள் அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். அழுகைகூட வரவில்லை. எரிச்சலாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மதினி வந்தாள். முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்ததைக் கட்டிலில் வைத்தாள்.

நாலாக மடித்த பச்சைச் சேலை.

"வெள்ளிக்கிழமைக்கு இதைக் கட்டிக்க."