அந்த நரிதான் புத்தர்

பௌர்ணமிதோறும் புத்த விகாரையின் மதிலோரம் படுத்துக்கொண்டு, பிக்கு வாசிக்கும் புத்தரின் முற்பிறவி விலங்குக் கதைகளைக் கேட்பது நரியின் வழக்கம். எல்லாக் கதையும் ஒரே மாதிரிதான் முடியும். அந்த மான்தான் புத்தர், அந்த யானைதான் புத்தர் என்பார். நரியாக அவர் பிறந்த கதை மட்டும் அதன் காதில் விழுந்ததே இல்லை. அந்த வருத்தத்தோடும் மூன்று நாள் பட்டினியோடும் திரும்பியபோது, ஒரு முயல் வசமாக மாட்டியது.

"தம்பி, மூணு நாள் பட்டினியா வந்த விருந்தாளிக்காக ஒரு முயல் தானாவே நெருப்புல குதிச்சுது. அந்த முயல்தான் புத்தர். உனக்கு எப்பேர்ப்பட்ட வாய்ப்பு பாரு!"

முயல் தன் வளையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டது. "நான் கேட்டது வேற மாதிரி, அண்ணே. முயல் குதிக்கத்தான் போச்சு. விருந்தாளி, 'வேண்டாம்டா'ன்னுட்டு பசியோடயே எழுந்து போயிட்டார்."

"யாரு அந்த விருந்தாளி?"

"ஒரு நரி."

நரியின் காது நிமிர்ந்தது. "முடிவைச் சொல்லு."

"அந்த நரிதான் புத்தர்."

முயலின் கொழுத்த தொடையை நரி நெடுநேரம் பார்த்தது. பிறகு பெருமூச்சோடு எழுந்து நடந்தது. பத்தடி போனதும் திரும்பியது.

"கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை சொல்லேன்."

வளைக்குள் பாதி நுழைந்துவிட்ட முயல், தலையை வெளியே நீட்டி உரக்கவே சொன்னது.