பின்வரிசையில் தூக்கிய கை

"மறுபடியும் நீரோ?"

சுலோஜனா மேடத்தின் குரல் உயர்ந்ததும் கணினி அறையில் தட்டச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. பின்வரிசையில் துஷாந்த் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து எத்தனை தடவை தூக்கியிருப்பான் என்று யாருக்கும் கணக்குத் தெரியாது.

பதுளையில் ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி. பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கும்படி, ஒவ்வொருவரும் தம் பாடத்துக்கு இணையத்தில் ஒரு கோர்ஸ் அமைத்து நாலு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும்.

நடத்துகிற சுலோஜனா மேடம் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிப்புக்குப் பேர்போனவர். ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

"ஒருத்தற்ற மவுசில மற்றவர் கை வைக்கப்படாது. பக்கத்தில குசுகுசுத்தா ரெண்டு பேரும் வெளியால போகலாம். சந்தேகமெண்டா கையை உயர்த்தி என்னட்டக் கேளுங்கோ."

கேட்கச் சொன்னார் என்பதற்காக இப்படியா கேட்பது?

அதுவும் துஷாந்த். இன்று திறமையாகச் செய்கிற ஒருவரைப் பதுளைக் கல்வி அலுவலகத்துக்குப் பயிற்றுநராக எடுக்கப் போகிறார்கள். வெள்ளைப் பலகையில் மேடம் எழுதிவைத்திருந்த இரண்டு பெயர்களில் முதலாவது அவனுடையது. கிடைத்தால் நமுனுகுல மலைப் பள்ளிக்கூடத்திலிருந்து இறங்கி வந்துவிடலாம். மனைவி பதுளை ஆஸ்பத்திரியில் தாதி. கைக்குழந்தையும் அவளோடுதான். வாரக் கடைசியில் மட்டும் வருகிற அப்பா தூக்கினால், யாரோ தூக்கிவிட்டதாக நினைத்து வீறிடுகிறது.

"சொல்லும், என்ன சந்தேகம்?"

"மேடம், பாமினியில அடிச்ச நோட்ஸ ஒட்டுனா தமிழே வரமாட்டேங்குதுங்க. இங்கிலீஷ் எழுத்தா கொட்டுது."

அறை சிரித்தது. பாமினி பழைய கணினிக் காலத்துத் தமிழ் எழுத்துரு. போனிலேயே தமிழ் அடித்துத் தள்ளுகிற இளசுகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

"இந்த வயசில இன்னும் பாமினியோ?" மேடம் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். ஆனாலும் எழுத்தை மாற்றித் தரும் இணையப் பக்கத்தைப் பெரிய திரையில் காட்டினார். "இதுக்குள்ள போட்டு, மாத்தி எடுத்து ஒட்டோணும். விளங்கிச்சுதோ?"

"இன்னொரு தடவ, கொஞ்சம் மெதுவா காட்டுறீங்களா மேடம்?"

மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி காட்டினார்.

"இவருதான் பயிற்றுநராகி எங்களுக்குப் படிச்சுக் குடுக்கப் போறாராம்" என்றார் முன்வரிசை ஷிஹானா டீச்சர், எல்லோருக்கும் கேட்கும்படியாக.

துஷாந்துக்குக் காது சிவந்தது.

தேநீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்ததுமே மறுபடி கை.

"கோர்ஸ் செஞ்சாச்சு மேடம். ஆனா பிள்ளைங்க திறந்து பாத்தா தெரியலையே?"

"அந்தக் கண் படத்தை அமத்தித் திறவும். மூடி வச்சிருந்தா எப்பிடித் தெரியும்?"

பிறகு வினாடி வினா.

"மேடம், இதுல சரியான விடைய எங்க குறிக்கிறதுங்க?"

மேடத்தின் பொறுமை அத்தோடு தீர்ந்தது. விறுவிறுவென்று பலகைக்குப் போனார். துடைப்பானை எடுத்துத் துஷாந்தின் பெயரை அழித்தார்.

"மற்ற ஆக்களின்ர நேரத்தை மினக்கெடுத்திறவரை நான் எப்பிடிப் பயிற்றுநரா அனுப்புறது?"

துஷாந்த் அழிந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். மன்னிப்புக் கேட்பான், கெஞ்சுவான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"சரிங்க மேடம். அந்த விடைய எங்க குறிக்கிறதுன்னு மட்டும்..."

இப்படியும் ஒரு மனுஷனா? மேடம் அதைக் காட்டிவிட்டு அவன் பக்கமே திரும்பவில்லை.

நாலு மணி. ஒப்படைத்த கோர்ஸ்களை மேடம் ஒவ்வொன்றாகப் பெரிய திரையில் திறந்தார்.

"அப்புத்தளை ராசம்மா டீச்சரின்ர கோர்ஸைப் பாருங்கோ. ஓய்வு பெறப் போற வயசு. ஒரு கேள்வி கேக்கேல்ல, எல்லாம் சரியாச் செய்திருக்கிறா. துஷாந்த், உமக்குப் பக்கத்திலதானே இருக்கிறா? பாத்துப் பழகும்."

ராசம்மா டீச்சர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

அடுத்தது துஷாந்தின் கோர்ஸ். சிரிப்பதற்குத் தயாராக எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. பாடங்கள் அழகாக வரிசையில் இருந்தன. பாமினியின் வாடையே இல்லை. சிக்னல் சரியாகக் கிடைக்காத தேயிலைத் தோட்டத்து லய வீட்டுப் பிள்ளைகளுக்காகச் சின்னச் சின்னக் குரல் பதிவுகள் வேறு. வினாடி வினாவில் ஒரு பிழை இல்லை. எல்லாவற்றையும் தேநீருக்கு முன்பே ஒப்படைத்திருந்ததாகத் திரையின் மூலையில் நேரம் காட்டியது.

"எல்லாம் தெரிஞ்சுகொண்டே என்னைப் பகிடி பண்ணினீரோ?" மேடம் அவன் பக்கம் திரும்பினார்.

துஷாந்த் எழுந்து நின்றான்.

பக்கத்து நாற்காலி நகர்ந்தது. ராசம்மா டீச்சர் எழுந்தார்.

"மேடம், மொதல்ல அவரு பேர திரும்ப எழுதுங்க."

"ஏன் டீச்சர்?"

"அந்தப் பாமினி நோட்ஸ் என்னோடதுங்க. போன பயிற்சியில நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க, நீங்களும்தான். அதுக்கப்புறம் எனக்கு வாயே வரல. இவரு யாரு எவருன்னுகூட எனக்குத் தெரியாது. ஆனா இன்னைக்கு என் கை மவுசுல அப்படியே நின்னப்பல்லாம், இவருதான் கையத் தூக்குனாரு."