யாரும் திறக்காத ஃபோல்டர்

மனைவி வரைந்த வீட்டு டிசைனை முதலாளி வாயாரப் புகழ்ந்ததிலிருந்து அவனுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. இருவருக்கும் ஒரே அலுவலகம். காலியாக இருப்பதோ ஒரே ஒரு தலைமை டிசைனர் நாற்காலி; யார் டிசைன் தேறுகிறதோ அவருக்குத்தான் அது.

“ஏங்க, பொது ஃபோல்டர்ல போட்ட என் ஃபைலைக் காணோம்!” என்று பதறிக்கொண்டு வந்தாள் மனைவி.

“ஐயையோ! நல்லாத் தேடினியா?”

“ரீசைக்கிள் பின் வரைக்கும் பார்த்துட்டேன்.”

“விடும்மா. யாருக்குக் கிடைச்சாலும் நம்ம வீட்டுக்குத்தானே?”

“அதானே! உங்களுக்குக் கிடைச்சா எனக்குச் சந்தோஷம் இல்லையா?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதலாளி எட்டிப் பார்த்தார். “என்னப்பா, ரெண்டு பேர் ஃபைலும் இல்லையே? உடனே ஒண்ணாவது வரலேன்னா வெளியாளைப் போட்டுடுவேன்.”

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன்னுடையது எங்கே போயிற்று?

எவனோ ஒருத்தனுக்குப் போவதற்கு இவளுக்கே போய்த் தொலையட்டும் என்று தன் இடத்துக்கு ஓடினான். நேற்று அவள் ஃபைலை இழுத்துப் போட்டிருந்த, அலுவலகத்தில் ஒருவரும் சீந்தாத ‘பாத்ரூம் பராமரிப்பு’ ஃபோல்டரைத் திறந்தான்.

அவளுடைய ஃபைல் இருந்தது. பக்கத்திலேயே அவனுடையதும் இருந்தது.

முதுகுக்குப் பின்னால் மனைவியின் குரல் கேட்டது.

“அடப்பாவி மனுஷா! நீங்களும் திறந்து பார்க்காமத்தான் போட்டீங்களா?”