நீல டப்பாவும் சிவப்பு டப்பாவும்

அமெரிக்காவில் இரும்பு நாற்காலி செய்யும் ஓர் ஆலையில், தொழிலாளி வெர்னாவின் நீலச் சாப்பாட்டு டப்பாவும் அவளோடு வேலை பார்த்த எஃப்ரெயினின் சிவப்பு டப்பாவும் ஒரே அலமாரியில் அருகருகே இருந்தன.

ஒரு நாள் அதிகாரிகள் வந்தார்கள். அங்கே தங்க உரிய ஆவணங்கள் இல்லையென்று எஃப்ரெயினை நாடுகடத்திவிட்டார்கள். சிவப்பு டப்பா திறக்கப்படாமலே கிடந்தது.

"அவர் போனதில் வெர்னாவுக்கு ஏதாவது லாபமா?" என்று கேட்டது சிவப்பு.

"எங்கே! ரெண்டு பேர் வேலையையும் அவளே பார்க்கிறா. கூடச் சாப்பிடத்தான் ஆளில்லை," என்றது நீலம்.

பிறகு, ஆலை வாங்கும் வெளிநாட்டு இரும்புக்கு வரி ஏறியது. கட்டுப்படியாகவில்லை என்று முதலாளி ஆலையை மூடினார். வெர்னா இரண்டு டப்பாக்களையும் வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

மறுநாள் விடியலில் பழக்கத்தில் எழுந்து, இரண்டிலும் ரொட்டி வைத்து மூடினாள்.

"எங்கே கிளம்புறோம்?" என்றது சிவப்பு.

"தெரியலையே," என்றது நீலம். "அவளும் கதவைத்தான் பார்த்துக்கிட்டு நிக்கிறா."