முதற்பலன்

பிரசங்க மேடைக்குக் கீழே வாழைத்தாரும் பூசணியும் இளநீரும் குவிந்து கிடந்தன. அறுப்பின் பண்டிகை. போதகர் எலியாசர் அந்த எபிரெயச் சொல்லை நிறுத்தி நிதானமாகச் சொன்னான்.

"பிக்கூரீம். முதற்பலன். மரத்தில் முதன்முதல் பழுக்கிற பழம்."

சபையார் தலையாட்டினார்கள். ஐயர் எபிரெயம் பேசினால் அவர்களுக்கு ஒரு கிறக்கம்.

"இதே வேரில் பிறந்தது இன்னொரு சொல். பெகோர். தலைப்பிள்ளை. இரண்டும் கர்த்தருக்குச் சொந்தம்."

குறிப்பில் அதற்குமேலும் ஒரு வரி இருந்தது. அதை அவன் வாசிக்கவில்லை. மனுஷனுடைய தலைப்பிள்ளையை மட்டும் திரும்ப மீட்டுக்கொள்ள வேண்டும் என்று அதே நியாயப்பிரமாணம் சொல்கிறது. வாசித்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

எலியாசரை யாரும் மீட்கவில்லை.

வயிற்றில் இருக்கும்போதே அம்மா நேர்ந்துவிட்டாள், தலைப்பிள்ளை ஊழியத்துக்கு என்று. பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்த கடிதம் வந்த அன்று அதை வாங்கி வேதாகமத்துக்குள் செருகினாள். அதோடு சரி. பதினாலு வருஷமாக, நம்பிக்கையே இல்லாத ஜெபங்களை அவன் நன்றாகச் செய்துவருகிறான். நன்றாக என்றால், கேட்கிறவர்கள் கண்ணைத் துடைக்கிற அளவுக்கு.

போன மாதம் அவனுக்கு ஒரு மகன் பிறந்தான். தலைப்பிள்ளை.

காலையில் சேலைக்கு ஊக்கு குத்திக்கொண்டே மனைவி சுகிர்தா கேட்டாள். "அத்தை இன்னைக்கு இவனை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கச் சொல்லுவாங்க. எம்பிள்ளைய விட்டுருங்கம்மான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

சொல்கிறேன் என்றான். மனசாரத்தான் சொன்னான்.

காணிக்கைப் பாட்டு முடிந்தது. அம்மா பேரனைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். வாழைத்தாருக்குப் பக்கத்தில் வந்து நின்று, பிள்ளையை அவனிடம் நீட்டினாள்.

வாங்கினான். வாயைத் திறந்தான்.

ஜெபம் வந்தது.

பாழாய்ப்போன வாய். பழகின மாடு மாதிரி அதுபாட்டுக்குப் போனது. நன்றி வந்தது, கண்ணீர் வந்தது, "இவனையும் உமக்கென்று ஏற்றுக்கொள்ளும்" என்பதும் வந்தது. முன்வரிசையில் மூக்கை உறிஞ்சினார்கள். எல்லோரும் சேர்ந்து ஆமென் சொன்னார்கள்.

அம்மா அவன் கன்னத்தைத் தடவினாள். முகமெல்லாம் பூரிப்பு.

"எய்யா, அப்படியே உன்னைய மாதிரி வருவான் பாரு."

சுகிர்தா வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்துத் தோளில் போட்டாள். பிரசவத்துக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போனபோது கொண்டுபோன பை. காலையிலேயே அடுக்கி வைத்துவிட்டுத்தான் அவனிடம் கேட்டிருக்கிறாள். புருஷனைத் தெரிந்தவள்.

நடுப்பாதையில் வாசலைப் பார்த்து நடந்தாள். பால் கொடுக்கப் போகிறாள் என்று பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அவனுக்கும் கூடவே போய்விட வேண்டும் போல இருந்தது. அங்கியைக் கழற்றி அந்தப் பூசணிக்காய்கள்மேல் போட்டுவிட்டு, அவள் பின்னாலேயே. இருபது எட்டு இருக்குமா வாசலுக்கு?

சபையார் தலைகுனிந்து காத்திருந்தார்கள். ஆசீர்வாதம் பாக்கி. மூன்றே வரி.

கையை உயர்த்தினான். ஒரு சொல்லையும் விழுங்காமல் சொன்னான். இரண்டாவது வரியில் வெளியே ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது.

மூன்றாவது வரியையும் சொன்னான்.