மூன்று வாரம் ஓடாத பேக்கப்

"மூணு வாரமா பேக்கப்பே ஓடலையா? அப்புறம் எதுக்குய்யா நீங்க?"

ரிசப்ஷன் அக்கா போட்ட சத்தத்தில், சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திறந்து பார்த்தார்கள்.

கண் டாக்டரின் கிளினிக். காலையில் கம்ப்யூட்டர் டிஸ்க் செத்துப்போனது. மூன்று வாரமாக வந்துபோன நோயாளிகளின் பரிசோதனைக் குறிப்பு அத்தனையும் அதோடு போச்சு. தினமும் மாலை ஐந்து மணிக்குத் தானாகவே நகல் எடுக்கும் என்று அடித்துச் சொல்லியிருந்தவர் இந்தக் கம்ப்யூட்டர்காரர்தான்.

அவர் பேக்கப் டிஸ்க்கில் நாள்வாரியாகப் பதிவாகியிருந்த ஒரு பட்டியலைத் திரையில் ஓட்டினார். நடுவில் நிறுத்தி, உற்றுப் பார்த்தார். சட்டென்று மூடினார்.

"என்னத்தை மறைக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லைம்மா."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆபரேஷனுக்கு நாள் குறிச்சவங்களை எல்லாம் திரும்பக் கூப்பிட்டு, வாங்கிக் கட்டிக்கப் போறது நான். ரெண்டு பிள்ளைங்களை இந்த ஒத்தைச் சம்பளத்துல வளர்க்கிறேன். ஒரு நாளாவது வேலையில அசந்திருக்கேனா?"

டாக்டர் வெளியே வந்தார். "யாரால நடந்துச்சு? யாரா இருந்தாலும் அவங்களுக்கு இன்னையோட சரி."

"அப்படிக் கேளுங்க டாக்டர்!"

கம்ப்யூட்டர்காரர் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "என்னாலதான் டாக்டர். வாராவாரம் வந்து பார்த்திருக்கணும்."

"எட்டு வருஷப் பழக்கம். இப்படிப் பண்ணிட்டீங்களே! இனிமே வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

அவர் புது டிஸ்க்கை மாட்டி, எல்லாவற்றையும் பழையபடி அமைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"திரையில பெட்டி ஏதாவது வந்தா, பார்த்து அமுக்குங்கம்மா."

"உங்க வேலையை ஒழுங்காப் பார்க்கத் துப்பில்லை, எனக்குச் சொல்லித்தர வந்துட்டீங்க!"

அவர் போன பிறகும் அக்காவுக்கு ஆறவில்லை. ஒத்துக்கொண்டால் ஆச்சா?

மணி ஐந்து. கவுண்டரைக் கூட்டம் மொய்த்தது. டோக்கன் போட்டுக்கொண்டிருந்த திரையின் நடுவில் அந்தச் சனியன் பிடித்த பெட்டி வந்து நின்றது. டோக்கன் முறை வந்த இந்த மூன்று வாரமும் இதே ரோதனைதான். சரியாகக் கூட்ட நேரத்தில் வந்து எதையோ கேட்கும். அவள் படித்ததே இல்லை.

இன்றைக்குப் படித்தாள்.

'பேக்கப் எடுக்கும் நேரம். கம்ப்யூட்டர் பயன்பாட்டில் உள்ளது. இப்போதா, பிறகா?'

பழகிய விரல் அதற்குள் 'பிறகு' மேல் போய் நின்றிருந்தது.